நாலாவது போல்ட்டு

என் பயத்துக்கு எங்கள் வீட்டில் நிறையப் பட்டப்பெயர்கள் உண்டு. அவற்றில் நிலைத்தது அப்பா வைத்த 'தொடைநடுங்கி'தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். நான் தைக்கும் கடையில் ஊசி உடைந்தால், உடைந்த முனை கையில் கிடைக்கும்வரை அந்தத் துணியை வெளியே விடமாட்டேன். இப்படிப்பட்டவள் எதற்குக் கார் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. பயந்தாங்கொள்ளி என்பதால்தான் பிரிக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தால், அந்த ஆள் செல்போனில் பேசிக்கொண்டே எதை முறுக்கினானோ எதை மறந்தானோ என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பேன். நானே செய்தால், எதற்காக எழுந்தேன் என்றாவது தெரியும்.

ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, ரேடியேட்டர் குழாய் மாற்றுவது என்று எங்கள் பழைய காரை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். ஹெட்டை மட்டும் தொட்டதில்லை. எஞ்சினுக்கு மூடி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும் கனத்த பாளம்தான் ஹெட். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது விட்டுப்போனால் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குத் தண்ணீர் போகும். எங்களுக்கு அது விட்டுப்போனது மலைப்பாதையில், பின் இருக்கையில் அப்பா படுத்திருந்தபோது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ் இருக்கிறது. ஆனால் அது ஊர் ஊராகச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் படுக்கையில் வேறொருவர் படுத்திருப்பார். அன்று ஏற்றத்தின் கடைசி வளைவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைச் சுற்றி வெள்ளைப் புகை. வண்டி உயிரை விட்டது. யாரோ ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு எங்களைக் கீழே கொண்டுவந்து விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய முறை தவறியது.

மறுநாள் விடியும்போது அப்பாவின் உடம்பில் தேங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அவர் மூச்சு விடும்போது உள்ளே கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு வாடகைக் கார்க்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாயைக் கூடக் கொப்பளிக்காமல் ஓடிவந்து வண்டியை எடுத்தார். அப்பா பிழைத்தார். "இன்னொரு தடவை தவறவிட்டா என்கிட்ட கொண்டு வராதீங்க" என்றார் டாக்டர். அதட்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர்தான் அழைத்துப் போய்வந்தார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு நீண்ட வெளியூர் சவாரி, முன்பே ஒத்துக்கொண்டது. அந்தத் திங்கட்கிழமைக்குள் எங்கள் கார் எழுந்து நின்றாக வேண்டும். சனி ஞாயிறு இடைவெளிக்குப் பிறகு வருகிற திங்கள் முறைதான் இருப்பதிலேயே முக்கியமானது. அதைத் தவறவிடவே கூடாது.

ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கினேன். புதுக் கேஸ்கெட் வாங்கினேன். புது ஹெட் போல்ட்டுகளும் வாங்கினேன். "பழசே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு தண்டம்?" என்று உதிரிபாகக் கடைக்காரரே கேட்டார். வாங்கியே தீருவேன் என்று நின்றேன். இந்த வகை போல்ட்டு ஒரே ஒருமுறை முறுக்குவதற்காகச் செய்தது. கடைசிச் சுற்றில் அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அப்படி நீண்டபடி இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. சீருடைப் பாவாடை இடுப்பில் வைக்கிற எலாஸ்டிக்கை நான் தினமும் பார்க்கிறவள். ஒருமுறை இழுபட்டுத் தொங்கிப்போனதைத் துவைத்துத் தேய்த்து மறுபடி வைத்தால், பார்க்கப் புதுசாக இருக்கும். இடுப்பில் நிற்காது.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்கிற பிரிவில் வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தத்தோடு உள்ளே போகும், பளபளவென்று வெளியே வரும். என் தங்கை அவரை 'பளிச்சு மாமா' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் கரண்டிகள் கூட ஒரே பக்கம் தலை வைத்துத்தான் படுக்கும். அழுக்கு எதையாவது கண்டால் அவர் கை சும்மா இருக்காது. நல்ல குணம்தான். எனக்கும் அதில் பெருமைதான்.

ஞாயிறு காலை கொட்டகையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பழைய போல்ட்டுகளை, கழற்றிய வரிசை தெரியும்படி ஓர் அட்டையில் துளை போட்டுச் செருகி வைத்திருந்தேன். புதியவற்றை ஒரு டிரேயில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடினேன். டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. எவ்வளவு இறுக்கம் என்று முன்பே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் நீளக் கைப்பிடி அது. கடைத்தெரு ஒர்க்‌ஷாப்காரரிடம் இரவல் கேட்டிருந்தேன். அதை வாங்கப் போனேன். அந்த நேரத்தில்தான் இவர் இரவு வேலை முடிந்து வந்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். டிரே துணி மூடியபடியே இருந்தது. அட்டையைக் காணோம். சமையலறை ஜன்னல் மேடையில் வெள்ளைத் துணி விரித்து, பழைய போல்ட்டுகள் குளித்து முழுகிய பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வைத்திருந்தார். குப்பைக்குப் போகிறதுக்கு இவ்வளவு அலங்காரமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் கொட்டகைக்குப் போனேன்.

அப்பா ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், குரல் இல்லை.

"என்ன தொடைநடுங்கி, ஆபரேஷன் ஆரம்பிக்கலாமா?"

"அப்பா, இதுல பேசக்கூடாது. எனக்குக் கணக்கு தப்பிடும்."

"நான் பேசலை. ரைட் மட்டும் சொல்றேன். ரைட் சொல்லாம எந்த வண்டி கிளம்பியிருக்கு?"

பிளாக்கில் இருக்கும் போல்ட்டுக் குழிகளை முதல் நாளே சுத்தம் செய்திருந்தேன். மறுபடி ஒருமுறை, ஒரு குச்சியில் துணி சுற்றி அடிவரை விட்டுப் பார்த்தேன். குழிக்குள் ஒரு சொட்டு எண்ணெயோ தண்ணீரோ நின்றுவிட்டால், முறுக்க முறுக்க அது தப்பிக்க வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும் என்று படித்திருந்தேன். அன்று முதல் அந்தக் குழிகள் என் கனவில் வந்தன. துணி காய்ந்தபடியே வெளியே வந்தது. கேஸ்கெட்டை வைத்தேன். ஹெட்டை மெல்ல இறக்கினேன். போல்ட்டுகளின் மரையில் லேசாக எண்ணெய் தொட்டுக் கையாலேயே திருகி உட்கார வைத்தேன்.

நடுவிலிருந்து ஆரம்பித்து, மாற்றி மாற்றி, வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஓரத்திலிருந்து முறுக்கினால் ஹெட் நடுவில் தூக்கிக்கொள்ளும். வரிசை எண்ணைச் சுவரில் சாக்பீஸால் படமாக எழுதிவைத்திருந்தேன். முதல் சுற்று, லேசாக. இரண்டாம் சுற்று, ரெஞ்சு 'க்ளிக்' சொல்லும்வரை. ஒவ்வொரு க்ளிக்குக்கும் அப்பா "ரைட்!" என்று குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டு நாய் கூட ஒருமுறை எழுந்து பார்த்தது.

அதற்குப் பிறகுதான் பயங்கரம். கடைசியில் ரெஞ்சு எதுவும் சொல்லாது. ஒவ்வொரு போல்ட்டுத் தலையிலும் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு, கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று, கண்ணால் பார்த்துத் திருப்ப வேண்டும். போல்ட்டு நீள்வது அப்போதுதான். கைப்பிடியில் உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு இழுக்கும்போது, உடைந்துவிடும் உடைந்துவிடும் என்று உள்ளே ஒரு குரல் கத்தும். முதல் மூன்றும் முனகிக்கொண்டே கெட்டியாக வந்தன. நாலாவது, கடைசிக் கால் சுற்றில், மெத்தென்று இருந்தது. ஈரக் களிமண்ணில் குச்சி திரும்புகிற மாதிரி, சும்மா வந்துவிட்டது. நான் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இது மெத்துன்னு இருக்குப்பா. மத்ததெல்லாம் மாதிரி இல்லை."

"உனக்கு எதுதான் மெத்துன்னு இல்லை? சின்ன வயசுல மாடிப்படி கூட மெத்துன்னு இருக்குன்னு இறங்க மாட்டேன்னு அழுதவதானே நீ? நீண்டு கொடுக்கும்னு நீதானே சொன்னே. கொடுத்திருக்கு. புள்ளி சரியான இடத்துக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? ரைட்!"

புள்ளி சரியாகத்தான் வந்திருந்தது. போல்ட்டு புதுசு. குழி சுத்தம். வரிசை சரி. தப்பு என்று சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் என் பயம் ஒன்றுதான். அது எதற்குத்தான் கத்தவில்லை? காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருக்கிறது. சரி, வாயை மூடு என்று அதனிடம் சொல்லிவிட்டு ஐந்தாவதுக்குப் போனேன். பிறகு இன்னும் இரண்டு அதே மாதிரி வந்தபோது நான் அப்பாவிடம் சொல்லக்கூட இல்லை.

சாயங்காலம் வண்டியைக் கிளப்பினோம். ஒரே அடியில் பிடித்தது. முள் நடுவில் போய் நின்றது நின்றதுதான். தெருவை இரண்டு சுற்று வந்தோம். இவர் தூங்கி எழுந்து வந்து எஞ்சினைத் துடைத்தார். அப்பா எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என் பொண்ணு பொருத்தின எஞ்சின்" என்று காட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காமல் படுத்தேன்.

திங்கள் காலை. இவருக்கு அன்று விடுப்பு. அப்பாவின் தலையணை, போர்வை எல்லாம் பின் இருக்கையில் வைத்து, அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்காரவைத்தோம். கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. முகமும் உப்பியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்க்கை மறந்துவிட்டேன் என்று சமையலறைக்கு ஓடினேன்.

ஜன்னல் வழியாக வெயில் மேடையில் விழுந்திருந்தது. வெள்ளைத் துணியில் போல்ட்டுகள் மின்னின. ஒன்றைக் கையில் எடுத்தேன், சும்மாதான். இந்த போல்ட்டுகளின் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு குழி இருக்கும். முறுக்கும் சாவி நுழைவது அதில்தான். பழையவற்றைக் கழற்ற நான் கைப்பிடியில் தொங்காத குறை. அந்தக் கடி ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஓரத்திலும் தழும்பாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்ததில் தழும்பு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. நட்சத்திரத்தின் முனைகள் வெட்டிவைத்த மாதிரி கூராக இருந்தன. சாவியே படாத தலை.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அப்படி மூன்று இருந்தன. நேற்று டிரேயில் இருந்தவற்றின் தலைகளை, புதுசுதானே என்று நான் இப்படி உற்றுப் பார்க்கவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

என் குரலைக் கேட்டே ஓடிவந்தார்.

"இந்த மூணும் எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வரும்? நீ கழட்டினதுதான்."

"இதுல சாவியே பட்டதில்லை. பாருங்க. இது புதுசு. நேத்து நான் கொட்டகையில மூடி வெச்ச புதுசு."

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறுவதைப் பார்த்தேன்.

"டிரே மேல தூசி படியுதேன்னு உள்பக்கமா நகர்த்தினேன். மூணு கீழ விழுந்துச்சு. தரையில விழுந்ததை அப்படியே வைக்க முடியுமா? பழசோட சேர்த்துக் கழுவிட்டு, மூணு எடுத்துத் திருப்பி வெச்சேன்."

"எந்த மூணு?"

"எந்த மூணுன்னா? எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துச்சு. கழுவினதுக்கு அப்புறம் அதுல ஏது பழசு, ஏது புதுசு?"

அவர் வேலையில் அது சத்தியமான பேச்சு. கீழே விழுந்த கத்தரியும், ஒரு வயிற்றைத் திறந்து மூடிய கத்தரியும் அவர் கையால் கழுவி வெளியே வந்தால் ஒன்றுதான். அந்த நம்பிக்கையில்தான் ஆஸ்பத்திரியே நடக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயம் மட்டும்தான் வந்தது, தலையிலிருந்து கால்வரை. இழுபட்டுப் போன மூன்று போல்ட்டுகள் எஞ்சினுக்குள் ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எவை என்றும் எனக்குத் தெரியும். நாலாவது ஒன்று.

வெளியே ஹார்ன் அடித்தது. அப்பா பின்னாலிருந்து கையை நீட்டி அடித்திருக்கிறார்.

"உள்ள என்ன மாநாடா? என் படுக்கையில வேற எவனாவது படுத்துடப் போறான்."

போய்ச் சொன்னேன். எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னேன்.

"நேத்து ஓடுச்சே" என்றார் இவர், என்னைப் பார்க்காமல். "முள்ளு அசையலையே. மெதுவா போனா..."

"நேத்து ஓடினது தெருவுல. இன்னிக்கு ஏத்தம். ஏத்தத்துலதான் உள்ள அழுத்தம் ஏறும்."

"விட்டுப்போகும்னு நிச்சயமா சொல்றியா?"

"எப்படிங்க நிச்சயமா சொல்ல முடியும்? போனாலும் போயிடலாம். போய் வந்துகூட சேரலாம். எனக்குத் தெரியாது."

அப்பா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். வீங்கிய கால், வெறுங்காலாகத் தரையில் இருந்தது. கிண்டல் இல்லாத குரலில் அவர் பேசி நான் கேட்டதே குறைவு.

"இங்க பாரும்மா. இன்னிக்குப் போகலைன்னா எனக்கு நெஞ்சு ரொம்பிடும். அது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். தண்ணிக்குள்ள தலையைப் பிடிச்சு அமுக்கின மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பயமா இருக்கு. உன் போல்ட்டு இல்லை."

"அந்த வளைவுல மறுபடியும் நின்னுட்டா ரெண்டுமே போச்சுப்பா."

"அப்ப நீயே சொல்லு. ஏறவா, இறங்கவா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு பயந்ததில்லை. ஏறுங்கள் என்றால் வழியில் கொல்லலாம். இறங்குங்கள் என்றால் வீட்டில் வைத்துக் கொல்லலாம். எப்போதும் போல இதுவும் வீண் பயமாக இருந்துவிட்டால், ஓடியிருக்க வேண்டிய வண்டியை நிறுத்தி என் அப்பாவைச் சாகவிட்டவள் நான். நேற்று வாயை மூடு என்று சொன்னேனே, அந்தக் குரல் இன்றைக்கும் உடைந்துவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"இறங்குங்கப்பா" என்றேன்.

அவர் இறங்கினார்.

இவர் அதற்குள் செல்போனைக் காதில் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு விரிப்புகளும் போர்வைகளும் வெளுத்துக் கொண்டுபோகிற சலவை வண்டி ஒன்று எங்கள் பக்கத்திலிருந்து தினமும் மலையேறும். அதன் டிரைவர் இவருக்குப் பழக்கம். ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஏற்றினால் அவர் வேலை போய்விடும். "மச்சான், சட்டமெல்லாம் எனக்கும் தெரியும். எங்க மாமாவைப் போர்வைன்னு நினைச்சு ஏத்திக்க. உன் காலைப் பிடிக்கிறேன்" என்று இவர் கெஞ்சினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, பட்டென்று துண்டித்துவிட்டார்கள். வருவாரா மாட்டாரா என்று தெரியவில்லை.

மெயின் ரோட்டு மதகில் தலையணையைப் போட்டு அப்பாவை உட்காரவைத்தோம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். பால் வண்டி போனது. மணல் லாரி ஒன்று, கை காட்டியும் நிற்காமல் போனது. அப்பா வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்திருந்தார். அந்தக் கொப்பளிப்பு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் எங்கள் கார், துடைத்துப் பளபளவென்று, போகலாம் வா என்கிற மாதிரி நின்றிருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று கால் பரபரத்தது. இவர் கார் சாவியை என்னிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சலவை வண்டி வந்தது. எங்களைத் தாண்டிப் போய், பிறகு நின்றது. டிரைவர் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கையை மட்டும் நீட்டி, பின்கதவு என்று காட்டினார்.

உள்ளே ஜன்னல் கிடையாது. சோப்பு வாசனையும் இருட்டும்தான். விரிப்பு மூட்டைகளின் மேல் அப்பாவைச் சாய்த்து, நான் முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். வண்டி ஏறுவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கடைசி வளைவில் வண்டி வேகம் குறைந்து, கியர் மாற்றி, ஒரு கணம் நிற்கிற மாதிரி முனகியது. அப்பா என் கையைப் பிடித்தார், வலிக்க வலிக்கப் பிடித்தார். அந்தப் பிடி இறங்குமுகம் வரும்வரை தளரவில்லை.

தாமதமாகத்தான் போனோம். "படுங்க, படுங்க. திட்டறதுக்கு எனக்கு அப்புறமா நேரம் இருக்கு" என்று நர்ஸம்மா ஊசியைப் போட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. குழாயில் ரத்தம் போய் வருவதைப் பார்த்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஹெட்டைத் திறந்தேன். புது போல்ட்டுகள், புதுக் கேஸ்கெட், எல்லாம் முதலிலிருந்து. வேறு வழியில்லை. ஓரத்திலிருந்து உள்பக்கமாக, ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தேன். நாலாவதில் சாவியை வைத்து, இன்னும் இழுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, கையை அழுத்தினதுதான் தாமதம். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். சாவியோடு தலை மட்டும் கையில் வந்தது. மீதி பிளாக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. உடைந்த இடம் பாதி பழுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. பழுப்பான பாதி ஏற்கெனவே விட்டுப்போயிருந்திருக்கிறது. மீதிப் பாதியை நம்பி நாங்கள் மலை ஏற இருந்தோம்.

அப்பா சத்தம் கேட்டு வாசற்படியில் வந்து நின்றார். முந்தைய நாள் டயாலிசிஸ் ஆனதால் முகம் வற்றி, பழைய முகமாக இருந்தது. நான் அந்தத் தலையை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி அதன் மேல் அப்படியே இருந்தது.

"இது எத்தனாவது?"

"நாலாவது."

"நீ நிறுத்தினியே, அதுவா?"

"ஆமாம்ப்பா."

அவர் அதை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். நான் எண்ணெய்த் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுதான் முட்டுகிறதோ என்று பதறி ஓரடி எடுத்து வைத்தேன். பிறகு புரிந்தது. அப்பா அழுதுகொண்டிருந்தார். வாயைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்று அழுதுகொண்டிருந்தார்.

நான் உள்ளே போனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதாவது கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவார். அதனால் போகவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கொட்டகையிலேயே நின்றேன்.